கழற்றும் வண்டிக்கும் ஒரு மரியாதை

உதிரிபாகத்துக்காக வாங்கிய பழைய அம்பாசடரில் இன்று ஒயரிங் கழற்றினோம். முதலில் பேட்டரியின் எர்த் கேபிள். மற்றதை முதலில் தொட்டு, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த வண்டி இது. அதனால் ஒயர்களுக்கும் லூகாஸ் நிறுவனத்தின் வண்ண முறைதான்: பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வரும். வெள்ளை இக்னிஷன், கறுப்பு எர்த். ஆனால் பல வருட வெயிலில் எல்லாமே ஒரே அழுக்கு நிறம்! துணியால் துடைத்து, டேப் ஒட்டிப் பெயர் எழுதிய பிறகே ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.

தயவுசெய்து கனெக்டரை ஒட்டி வெட்டாதீர்கள். ஒரு சாண் ஒயர் விடுங்கள். அடுத்த வண்டியில் இணைப்பவருக்கு அதுதான் உயிர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிங்க இது. அவசரத்தில் இழுத்துக் கிழிப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

வைப்பர் மோட்டாரைப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தோம், நன்றாகச் சுற்றுகிறது. நாளை சேலத்து நண்பருக்குப் பார்சல்.