தாளில் எழும் உருவங்கள்

காகிதத்தால் உண்டு, காகிதத்தால் உடுத்து வாழும் ஊர் சிவகாசி என்றால் அது மிகையன்று. நாட்காட்டி, பாடநூல், திருமண அழைப்பிதழ், மருந்துப் பெட்டி, தீப்பெட்டி, பட்டாசுக் குழாய், அக்குழாயின்மேல் சுற்றும் வண்ண உறை என எத்திசை திரும்பினும் தாள்தான். 1922ஆம் ஆண்டு ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அன்று தொட்டு இந்தக் கரிசல் மண்ணில் மழை பலமுறை பொய்த்திருக்கிறது; தாள் பொய்த்ததில்லை. உழவனைக் கைவிட்ட அதே வறண்ட காற்று அச்சுக்கும் மருந்துக்கும் உகந்ததாக அமைந்தது.

இத்தகைய ஊரில் காகிதம் புதியதொரு பிறவி எடுத்திருப்பதைச் சில ஆண்டுகளாக நாம் கண்டு வருகிறோம். நமது பங்கின் சிறுவர் சிலர், வீடியோ கேம் பாத்திரங்களைத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டி, மேசைமேல் நிற்கும் உருவங்களாக ஆக்குகின்றனர். இதற்குப் பேப்பர் கிராப்ட் என்று பெயர். ஜப்பானியர் அச்சொல்லைச் சுருக்கிப் 'பெபகுரா' என்பர். அப்பெயரால் அங்கே ஒரு கணினி மென்பொருளும் உண்டு. முப்பரிமாண உருவம் ஒன்றைக் கொடுத்தால், அதன் தோலை உரித்துத் தட்டையாக விரித்து, வெட்டுக் கோடும் மடிப்புக் கோடும் இட்டுத் தந்துவிடும். குட்டி ஜப்பான் எனப் பெயர் வாங்கிய ஊருக்கு அசல் ஜப்பானின் விளையாட்டு வந்து சேர்ந்தது பொருத்தமே.

விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் குதித்தோடும் அந்த உருவத்துக்கு உள்ளே ஒன்றுமில்லை. சிறு சிறு முக்கோணங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டிய கூடு அது. முகமும் உடையும் தீட்டிய ஒரு தட்டைப் படம் அக்கூட்டின்மேல் போர்த்தப்பட்டிருக்கும். ஆகவே தாளில் அதைச் செய்யும் சிறுவன், அது எவ்வாறு ஆக்கப்பட்டதோ அவ்வாறே அதை மறுபடி ஆக்குகிறான். குருமடத்தில் பொருளும் வடிவமும் பற்றித் தத்துவ வகுப்பில் நாம் பல நாள் வாதிட்டதுண்டு. கையில் ஒரு தாளும் கத்தரியும் தந்திருந்தால் அவ்வகுப்பு இன்னும் விரைவில் முடிந்திருக்கும்!

திண்ம உருவங்களை இவ்வாறு விரித்துக் காட்டும் வழக்கம் பழையது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவியல் நூலில் பலமுகத் திண்மங்களை இப்படி விரித்து வரைந்திருக்கிறார். கனசதுரம் ஒன்றை விரிப்பதற்கே 11 வழிகள் உண்டு. எவ்வழியில் விரித்தாலும் அதன் பன்னிரண்டு விளிம்புகளுள் ஐந்து மடிப்பாக நிற்கும். எஞ்சிய ஏழுக்கும் ஒட்டு மடல் வேண்டும். நமது ஊரில் அட்டைப் பெட்டிக்கு டை செய்யும் தொழிலாளர் இதை எந்த நூலிலும் படித்தவரல்லர். ஆயினும் மரப்பலகையில் எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருகி, வெட்ட வேண்டிய இடத்தையும் மடிப்புத் தடம் பதிய வேண்டிய இடத்தையும் அவர்கள் பிரிக்கும்போது, டியூரர் செய்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

சங்கடம் தருவது உருண்டை. கோளப் பரப்பை இழுக்காமலும் கிழிக்காமலும் தட்டையாக்க இயலாது என்பதைக் காஸ் என்னும் கணித மேதை 1827இல் நிறுவினார். அதனால் மரியோவின் தொப்பியையும் மூக்கையும் தாளில் செய்வதற்கு ஆரஞ்சுச் சுளை போன்ற கூர்த்த துண்டுகள் பல தேவைப்படுகின்றன. இந்த மரியோ 1981இல் முதன்முதல் தோன்றியபோது தட்டையான சில புள்ளிகளால் ஆனவர்தாம். தலைமுடியை வரைய வழியின்றித் தொப்பியும், வாயை வரைய வழியின்றி மீசையும் வைத்தார் அவரைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ. தீப்பெட்டி லேபிளின் கையகலத்துக்கும் குறைந்த இடத்தில், இரண்டு மூன்று நிறங்களில், அணிலையும் காக்கையையும் அடக்கிய நம் ஓவியர்களுக்கு இந்த நெருக்கடி நன்றாகப் புரியும்.

சிறுவர் முதலில் கைவைப்பது மரியோவில் அன்று. மைன்கிராப்ட் என்னும் விளையாட்டின் பாத்திரங்களில். சுவீடன் நாட்டில் உருவாகி 2011இல் முழுமையாக வெளிவந்த அவ்விளையாட்டில் மனிதன், மாடு, மரம் யாவும் பெட்டி பெட்டியாகவே இருக்கும். பாத்திரங்களின் மேல்தோலுக்கென அதில் வைத்திருக்கும் படக்கோப்பைப் பார்த்து நாம் வியந்தோம். நான்கு பக்கங்களும் வரிசையாக, அவற்றின் மேலே தலைப்பக்கமும் அடிப்பக்கமும் என, ஏறக்குறைய ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டது போலவே அது அமைந்திருக்கிறது. அடிப்பக்கத்தை மட்டும் எடுத்துக் கீழே வைத்து, மடல்களைச் சேர்த்தால் போதும்.

அப்பாத்திரங்களுள் கிரீப்பர் என்று ஒன்று. பச்சை நிறம், கைகள் இல்லை, நான்கு குட்டைக் கால்கள், இழுபட்ட வாயுடன் துயரம் தோய்ந்த முகம். பன்றி ஒன்றை வடிக்கப் போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றி இட்டுவிட்டதால் அது பிறந்ததாம். ஓசையின்றி அருகே வரும். திரி பற்றியது போல் சீறும். ஒன்றரை நொடியில் வெடிக்கும். வெடிக்குமுன் அதைக் கொன்றுவிட்டால் தரையில் கொஞ்சம் வெடிமருந்து விட்டுச் செல்லும். சுவீடன்காரருக்கு இது வெறும் கற்பனை.

நமது பங்கைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதைத்தான் முதலில் செய்தான். ஒரு புள்ளிக்கு அரை சென்டிமீட்டர் என்பது அவன் கணக்கு. தலை நான்கு சென்டிமீட்டர் கனசதுரம். உடல் நான்கு அகலம், ஆறு உயரம், இரண்டு கனம். கால் ஒவ்வொன்றும் மூன்று உயரம். ஆறு பெட்டிகள், 42 மடல்கள், இரண்டு ஏ4 தாள்கள், 13 சென்டிமீட்டர் உயரப் பூதம். தந்தை ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அங்கே வெட்டிக் கழிக்கும் ஓரத் துண்டுகளில் அவனுக்கேற்ற தாள் கிடைத்தது. 80 ஜி.எஸ்.எம். தாள் தொய்ந்துவிடும், 300 ஜி.எஸ்.எம். அட்டையோ மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு காட்டும். இடைப்பட்டதே வேண்டும் என்பதைத் தானே கண்டுகொண்டான். மை தீர்ந்த பேனா முனையால் அளவுகோல் ஓரமாக அழுத்தித் தடம் இட்டு, அதன்பின்பே மடிப்பான். கடைசி மடலை எங்கே வைப்பது என்பதே இக்கலையின் நுட்பமென்று நமக்கு விளக்கினான். பெட்டி மூடும் தருணத்தில் உள்ளிருந்து அழுத்த விரல் நுழையாதாகையால், அந்த மடல் கண்ணில் படாத அடிப்பக்கத்தில் வரவேண்டுமாம்.

ஒருநாள் அவனுடைய பாட்டி அந்தப் பூதத்தையும் பேரனையும் ஒருசேர அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டார்.

"சாமி, ஏழு வயசுல தீப்பெட்டி ஒட்ட உக்காந்தவ நான். எம் புள்ளைங்களுக்கு அந்தப் பொழப்பு வேண்டாம்னுதான் பள்ளிக்கூடம் அனுப்புனேன். இப்பப் பேரன் பசையோட உக்காந்திருக்கான். நீங்கதான் கேக்கணும்" என்றார்.

அது என்ன உருவம் என்று அவர் பேரனிடம் விசாரித்ததில்லை போலும். நாம் கேட்க, அவன் ஆர்வத்தோடு எல்லாம் சொன்னான். பாட்டியின் முகம் மாறியது. அவருடைய தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பயராபீஸின் மருந்து அறையில் மாண்டவர்.

"ஏன்டா, வெடிக்கிற பொம்மதானா ஒனக்குக் கெடச்சது?"

அவரைத் தேற்றும் எண்ணத்தில், அடிமடலைத் திறந்து காட்டுமாறு பையனிடம் சொன்னோம். உள்ளே வெள்ளைத் தாளும் வெறும் காற்றும். பாட்டி எட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் சாமி. வெளியில இருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

அந்த அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சிறு விபத்துகள், செய்தித்தாளில் நான்கு வரி, அடக்கத் திருப்பலி, மறுவாரம் மீண்டும் வேலை. தாளை உருட்டிய குழாயில் மருந்து உண்டா இல்லையா என்பது உருட்டியவர் கைக்குத் தெரியாது. குழாய் உருட்டுவோர் ஒருவர், மருந்து அடைப்போர் வேறொருவர், திரி வைப்போர் இன்னொருவர், சரம் பின்னுவோர் மற்றொருவர். தீப்பெட்டியிலும் அவ்வாறே. நீலத்தாளையும் மரச்சீவலையும் வீட்டுக்கு வாங்கிவந்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, அடிப்பெட்டி மேல்பெட்டி என்று ஒட்டி, குரோசுக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற குடும்பங்கள் பல. ஒரு குரோசுக்கு 144 பெட்டிகள். அந்த எண்ணிக்கைக்குள் குழந்தைகளின் மாலைப்பொழுதுகள் அடங்கிக் கிடந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசி வழக்கில், சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பாட்டியின் தலைமுறை முழுவதும் ஒட்டி முடித்துவிட்டது.

அவர் விரலும் பேரன் விரலும் செய்வது ஒரே வேலை. தடம் இடுதல், மடித்தல், பசை தொட்டு வைத்தல், உலரும்வரை அழுத்திப் பிடித்தல். ஆனால் பாட்டி ஆயிரக்கணக்கில் ஒட்டிய பெட்டிகளுள் ஒன்றையேனும் 'இது நான் செய்தது' என்று எடுத்து வைத்ததில்லை. எந்த அளவு, எந்தத் தாள், எங்கே நிறுத்துவது என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. பையனோ தன் பூதத்தை நடுவில் நிறுத்திவிட்டுப் பந்து விளையாடப் போகலாம். இரு வாரம் கழித்துத் தொடரலாம். பிடிக்காவிடின் கசக்கி எறியலாம். இந்த வேறுபாட்டைப் பாட்டியிடம் எடுத்துரைத்தோம். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல இயலாது. "படிப்பு கெடாம பாத்துக்கங்க" என்றார். பூதம் தம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதென்றும் சொல்லிச் சென்றார். ஆகவே அது நமது அறையில், நூல் அலமாரியின்மேல் தங்கிவிட்டது.

பிறர் வரைந்ததை அச்சிட்டு ஒட்டுவது தொடக்கம் மட்டுமே என்பது நமது கருத்து. கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுவதும் சுவரேறின. அச்சகத்தாரோடு ஒரு வரைபவரும் பக்கத்தில் இருந்ததால் அது நடந்தது. பையனும் சென்ற ஆண்டு வரையத் தொடங்கினான். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு ஆடுகள் தேவை என்று நாம் சொன்னதுதான் தூண்டுகோல். மைன்கிராப்ட் பாணியிலேயே பெட்டி ஆடுகள். அளவும் விரிப்பும் அவனுடையவை. முதல் ஆடு முன்பக்கம் கவிழ்ந்தது. தலை பெரிது, முன்கால்கள் பின்தள்ளி இருந்தன. பின்னுடலுக்குள் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினான், நின்றது. கழுத்தைச் சாய்வாக வைக்க விரும்பியபோது பக்கங்கள் சரிவகமாகி, மடல்கள் ஒன்றும் பொருந்தாமல் போயின. பழைய செய்தித்தாளில் ஐந்து முறை வெட்டிப் பார்த்து, ஆறாம் முறை சரியான கோணத்தை எட்டினான். மென்பொருளிடம் கொடுத்திருந்தால் அரை நொடி. அவன் கொடுக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

ஆடுகளுக்குப் பாட்டி வீட்டில் தடை இல்லை. ஏழு ஆடுகள் அங்கேதான் ஒட்டப்பட்டன. பசை அதிகம், தாள் ஊறிவிடும் என்று அவர் ஒருமுறை அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்ததாகப் பையன் சொன்னான்.

கடந்த ஐப்பசி மழை வழக்கத்தைவிடப் பலமாகப் பெய்தது. ஈரம் ஏறி, அலமாரிமேல் இருந்த பூதத்தின் பின்கால் ஒன்று நெகிழ்ந்து சாய்ந்தது. ஞாயிறு மறைக்கல்வி முடிந்து வந்த பையன் அதைப் பார்த்தான். அடிமடலை நகத்தால் மெல்லப் பிரித்தான். பழைய பசையைச் சுரண்டினான். புதிதாகக் கொஞ்சமே தடவி, இருநூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்திருந்தான்.