திறவாக் கதவு

குறுந்தொகைச் சொற்களுக்கு அடைவொன்று தொகுக்க விழைந்து, மூன்று திங்களாக அவற்றை எம் மடிக்கணினியிலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இட்டு வந்தேம். ஆசிரியரிடம் ஒப்புவிக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவில், சொற்களை இடுதற்கு உதவிய செயலி பழுதுற்றது. படியெடுத்து வைத்தீரோ எனின், இல்லை. எம் சோம்பலை என்னென்பது!

கட்டளை வரியிற் பயனர் பெயரை இட்டேம். 'பீர் முறையிற் சரிபார்ப்புத் தவறியது' என்று விடை வந்தது. கடவுச்சொல் எம் குறிப்பேட்டில் இருந்தது, கேட்டாலன்றோ சொல்வது! அறைத்தோழர், அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவுக என்றார். அவ்வாறு செய்திருப்பின் எம் சொற்களும் உடன் அழிந்திருக்கும்.

நிற்க. இத்தளத்திற்குக் கணினிக்குள்ளேயே வாயில்கள் இரண்டு உள. முகவரி குறியாது சென்றால் சாக்கெட் என்னும் உள்வாயிலில் நிற்போம். ஆண்டுள்ள காவலன் கடவுச்சொல் வினவான்; கணினியில் நுழைந்தார் பெயரும் தளத்தின் பயனர் பெயரும் ஒன்றோ என்பதனையே நோக்குவான். எமக்கோ அவை வெவ்வேறு. எவ்வாயிலில் எம்முறை என்பது பிஜி எச்பிஏ என்னும் கோப்பில் வரிவரியாக உளது. மேலிருந்து பொருந்தும் முதல் வரியே செல்லும், அது மறுத்தால் அடுத்ததை நோக்குதல் இல்லை.

பழுதுற்ற செயலியின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேம். அஃது இதுகாறும் 127.0.0.1 என்னும் முகவரியால் மற்றை வாயில் வழியே சென்று வந்துளது! அம்முகவரியைக் கட்டளையிற் சேர்த்தேம். கடவுச்சொல் கேட்கப்பட்டது. சொற்கள் அனைத்தும் இருந்தன. முதற்கண் படியொன்று எடுத்தேம். உறங்கச் சென்றபோது மணி மூன்று.