நீல ஜெர்சி வழக்கு

2019 மார்ச் 9-ம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகள், சென்னை சிட்டி 43. அந்த ஒரு புள்ளியில் தமிழ்நாட்டு அணி ஒன்று முதன்முதலாக ஐ-லீக்கை வென்றது. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது எங்கள் ஊரில். அணி வீரர் பெட்ரோ மான்சி அந்த சீசனில் அடித்த 21 கோல்களையும் வரிசையாகச் சொல்லும் பையன்கள் போத்தனூரிலும் உக்கடத்திலும் உருவானார்கள்.

அதே ஆண்டில்தான் இந்த வழக்கு என்னிடம் வந்தது. இதில் வரும் அணி வேறு. சென்னை சிட்டிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளூர் ஆட்டங்களில் ஆடிய சிறிய அணி அது. அதன் பெயரையோ உரிமையாளர் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. கட்சிக்காரர்களையும் வழக்குக் கட்டில் உள்ளபடி எதிரி எண்ணால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பழைய ஆட்டக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நடத்திவந்த அணி. பூட்ஸுக்கும் பஸ் காசுக்குமே திண்டாட்டம். அப்போது தொழிலதிபர் ஒருவர் முன்வந்து, ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அணியை அதன்கீழ் கொண்டுவந்தார். முதல் வருடம் பையன்களுக்கு நல்ல சாப்பாடு, புது பந்து, பயிற்சியாளர் எல்லாம் கிடைத்தன. அதை மறைப்பது நியாயமல்ல. அடுத்த வருடம் அணியின் நீல ஜெர்சி போய், அவருடைய கம்பெனி நிறமான ஆரஞ்சு வந்தது. பெயரிலிருந்து ஊர் போய் கம்பெனிப் பொருளின் பெயர் வந்தது. பாக்கிப் பணம் கேட்ட மூத்த ஆட்டக்காரர்கள் நீக்கப்பட்டார்கள். கடைசியாக, ஆட்டங்களை வேறு மாவட்டத்துக்கு மாற்றப்போவதாகச் செய்தி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மைதான வாசலுக்கு எதிர்ப்புறம் பதினான்கு பேர் பழைய நீல ஜெர்சி போட்டு நின்றார்கள். கையில் துணிப் பேனர் ஒன்று, கூடவே ஜமாப் மேளம். "எங்க நீலத்தைக் குடு, எங்க பேரைக் குடு" என்பதுதான் முழக்கம். உரிமையாளரின் கார் வந்தபோதும் முழக்கம் தொடர்ந்தது. அன்றிரவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவானது. சட்டவிரோதக் கூட்டம், அரசு அலுவலரின் உத்தரவை மீறியது, வழிமறித்தது என்று மூன்று குற்றங்கள்.

தண்டனை என்று பார்த்தால் மூன்றும் சிறியவை. ஆனால் எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறிய இளைஞனுக்கு அது சிறிய விஷயமல்ல. முதல் எதிரி லேத் பட்டறைத் தொழிலாளி. வளைகுடா வேலைக்காக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். நான்காம் எதிரி காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வை முடித்து, அடுத்த கட்டத்துக்குக் காத்திருந்தவர். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் காவலர் பணிக்குத் தேர்வாக முடியாது. அவருடைய அம்மா என் அலுவலகத்தில் உட்காரக்கூட மறுத்துவிட்டார்.

"ஏனுங்க வக்கீலய்யா, பந்தாட்டம் பாக்கப் போன பையனுங்க. ஒரு கல்லு எடுத்து வீசலீங்க, ஒருத்தரைத் திட்டலீங்க. இதுக்கும் கேசுங்களா?"

அதற்குள் உரிமையாளர் தரப்பிலிருந்து சமாதானப் பேச்சு வந்தது. பதினான்கு பேரும் மன்னிப்புக் கடிதம் எழுதி, இனி அணியைப் பற்றி வாய் திறக்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு தானாகப் போய்விடும் என்றார்கள். பெற்றோர் பலர் அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் கூடாது என்றேன். 143-ம் 188-ம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-வது பிரிவுப்படி சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல. புகார் கொடுத்தவரே மனம் மாறினாலும் எஃப்.ஐ.ஆர். தானாக மறையாது. கடிதம் மட்டும் ஒப்புதல் போல இவர்களுக்கு எதிராக நிற்கும். "தப்பே பண்ணலைன்னா எதுக்குங்க சார் மன்னிப்பு?" என்று முதல் எதிரி கேட்டார். அன்றே வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன்.

கோவை வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்குத்தான் போகும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவின்கீழ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டோம். எங்கள் கையில் இருந்த பலமான ஆயுதம் கொங்கு மண்ணிலிருந்தே கிடைத்தது. கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலைய வழக்கொன்றையும் அதனுடன் சேர்ந்த மனுக்களையும் விசாரித்து, 2018 செப்டம்பரில் மதுரை அமர்வில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு அது. 188-வது பிரிவுக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-வது பிரிவுப்படி, உத்தரவு போட்ட அலுவலரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக வரையறுத்தது. அமைதியாகக் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தவர்கள் மீது 143-ஐப் பாய்ச்ச முடியாது என்பதையும் சொன்னது.

எங்கள் வாதம் அதன்மேல் எழுந்தது. ஐந்து பேருக்கு மேல் கூடினாலே சட்டவிரோதக் கூட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தண்டனைச் சட்டத்தின் 141-வது பிரிவு ஐந்து நோக்கங்களைப் பட்டியலிட்டது. வன்முறையைக் காட்டி அரசை மிரட்டுவது, சட்டம் நிறைவேறுவதைத் தடுப்பது, சேதமோ அத்துமீறலோ போன்ற குற்றம் செய்வது, பலவந்தமாகச் சொத்தையோ உரிமையையோ பறிப்பது, பலவந்தமாக ஒருவரைப் பணியவைப்பது. பேனர் பிடித்து மேளம் அடிப்பது இதில் எதில் சேரும்? வழிமறித்ததாகச் சொல்லும் 341-க்கு, யாரை மறித்தார்கள் என்ற விவரமே எஃப்.ஐ.ஆரில் இல்லை. உரிமையாளரின் கார் நின்றதாகக்கூட ஒரு வரி கிடையாது.

அரசுத் தரப்பு, அனுமதி வாங்காமல் கூடினார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. அகமதாபாத் காவல் ஆணையர் தொடர்பான வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பை நாங்கள் காட்டினோம். பொதுத் தெருவில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆனால் வரைமுறை எதுவும் இல்லாமல், விருப்பப்படி மறுக்கும் அதிகாரத்தை ஓர் அதிகாரி கையில் கொடுக்க முடியாது என்பது அதன் சாரம். இன்னொன்றும் எங்களுக்குத் துணை நின்றது. இவர்கள் மைதானத்துக்குள்ளோ உரிமையாளரின் இடத்துக்குள்ளோ கால் வைக்கவில்லை. அடுத்தவர் இடத்தில் கூட்டம் போட யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று ரயில்வே ஊழியர் வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுவரில் எழுதலாம் என்று சிலர் சொன்னபோது, அது இன்னொரு சட்டத்தில் குற்றம் என்று தடுத்து, துணியில் எழுத வைத்தவர் முதல் எதிரிதான். அந்த நிதானம்தான் பதினான்கு பேரையும் காப்பாற்றியது.

எஃப்.ஐ.ஆர். ரத்தானது. நான்காம் எதிரியின் காவலர் தேர்வுக்கு இருந்த தடை நீங்கியது. ஆனால் நீல ஜெர்சி திரும்பி வரவில்லை. உத்தரவு நகலை வாங்க வந்த பையன்கள், "இனி டீமை நமக்கு வாங்கித் தர முடியுங்களா?" என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்வது எனக்கு வேதனையாக இருந்தது. அணி ஒரு கம்பெனியின் சொத்து. கம்பெனி நிர்வாகம் தவறாக நடந்தால், 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பங்குதாரர்களில் பத்தில் ஒரு பங்கினர் சேர்ந்தாலே தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இவர்களிடம் ஒரு பங்குகூட இல்லை. இருபது வருடம் மழையிலும் வெயிலிலும் நின்று கைதட்டியதற்குச் சட்டத்தில் கணக்கில்லை.

சட்டம் கைகொடுக்காத இடத்திலும் குரல் கைகொடுத்திருக்கிறது. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012-ல் கார்டிஃப் சிட்டியின் நீலத்தைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. 2020-ல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்று ஒட்டினார்கள். 1889-ல் பிறந்த கிளப்பின் பெயருக்காகக் கொல்கத்தா ரசிகர்கள் தெருவில் நின்றார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவிலேயே, அந்த மூன்றெழுத்தை நீக்குவதாக உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். பங்குப் பத்திரம் இல்லாதவர்கள் பேசியதால்தான் இரண்டும் நடந்தன. அந்தப் பேச்சுரிமையை ஒரு எஃப்.ஐ.ஆரால் அடைத்துவிடலாம் என்று எந்தப் பணக்காரரும் நினைக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வழக்கை எழுதுகிறேன்.

கொங்கு நாட்டில் ஊர்ப் பெயரில் அணி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்கொடையாளர் வரும்போது சந்தோஷத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிந்துகொள்ளுங்கள். ரசிகர்களையும் சந்தா கட்டும் உறுப்பினராக்குங்கள். பெயர், நிறம், மைதானம் மூன்றையும் பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது என்று துணைவிதியில் எழுதுங்கள். நிர்வாகம் தவறினால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலே பதிவாளர் 36-வது பிரிவில் விசாரணை நடத்தலாம். பணம் கொடுப்பவருக்கு ஜெர்சியில் விளம்பர இடம் கொடுங்கள், ஊர்ப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

ரசிகர்களுக்கு ஒன்று. 2024 ஜூலை முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. 143 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 189(2), 188 இப்போது 223, 341 இப்போது 126(2). உங்கள் உரிமை மாறவில்லை. கூடுவதற்கு முன்பே போலீஸுக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள், சுவரைத் தொடாதீர்கள், வாயில் தகாத வார்த்தை வேண்டாம். அதற்கு மேலும் வழக்குப் போட்டால் பயந்துபோய் எதிலும் கையெழுத்துப் போடாமல், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.