உப்பும் துருவும் தாங்கிய சுவர்

கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தில், அதைக் குளிர்வித்துவிட்டு வெளியே விழும் சுடுதண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம். உப்புத் தண்ணீர். சூடேறினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கார்பனேட்டாக மாறிச் சுவரில் படியும். இப்போது பிளாக்கைக் கழற்றினால், விரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில்கூட நுழையவில்லை.

கரண்ட் மோட்டார் வந்தபின் கொட்டகையில் கிடந்த இன்ஜின் அது. அப்பாவுக்கு அது மறுபடி ஓட வேண்டும்.

வெளித்துருவுக்கு மின்பகுப்பு. பிளாஸ்டிக் டிரம்மில் சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். புது சார்ஜர்கள் எதிரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கரண்ட் விடும். இதற்குப் பழைய மக்கு சார்ஜர்தான் சரி. நெகட்டிவ் பிளாக்கில், பாசிட்டிவ் இரும்புக் கம்பியில். மாற்றிக் கொடுத்தால் கரைவது பிளாக். எவர்சில்வர் துண்டு கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் டிரம் வாசலில்; பீடி மாமா திண்ணையின் மறுகோடியில்.

மறுநாள் துரு கருப்புச் சேறாக வழிந்தது. போன இரும்பு திரும்பவில்லை, குழிகள் அப்படியே இருந்தன.

ஆனால் மின்பகுப்பு கம்பிக்கு நேர் எதிரே இருக்கும் பரப்பில்தான் நன்றாக வேலை செய்யும், உள்ளறைகளுக்கு எட்டாது. உப்புக்கு அமிலம் வேண்டும். மளிகைக் கடை லெமன் சால்ட் போதும், நுரைத்துக்கொண்டு தின்னும். அதிக நேரம் விட்டால் இரும்பையும்.

அங்கேதான் மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "தம்பி, ரொம்பச் சுரண்டாதீங்க. சில இடத்துல உப்பும் துருவும்தான் சுவரே. எடுத்தா ஒழுகும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆபீஸில் நாங்கள் கைவைக்கப் பயப்படும் பழைய கோடும் இப்படித்தான், எது குப்பை எது தூண் என்று தெரியாது. ஆனால் அடைப்பை விட்டுவைத்தால் அந்த இடத்தில் சூடு தேங்கி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓட்டையை ஒட்டலாம், பிடித்த பிஸ்டனை என்ன செய்வது? நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஒழுகுறது இப்பவே தெரியட்டும்டா. வயக்காட்டுல வச்சுத் தெரிய வேணாம்."

மூன்று முறை அமிலம் மாற்றி, சோடாத் தண்ணீரில் அலசினோம். ஈரம் காய்வதற்குள்ளேயே இரும்பு செம்மை தட்டத் தொடங்கியது. வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் நிரப்பி ராத்திரி விட்டோம்.

காலையில் அடிப்பக்கம், வெள்ளையில் ஒரு ரூபாய்க் காசளவு ஈரம். அப்பா அதைச் சுற்றிக் கரித்துண்டால் வட்டம் போட்டுவிட்டு, மெக்கானிக் அண்ணனுக்கு போன் போடச் சொன்னார்.