மாத்திரை முதலில் மாற்றுவது யாரை?

மேலூரில் வசிக்கும் என் உறவினர் இல்லத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். ஓரிடத்தில் அமர மாட்டான். தொடங்கிய பாடத்தை முடிக்க மாட்டான். மதுரையில் மருத்துவரிடம் காட்டினார்கள். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு என்று கூறி, அவர் மாத்திரை எழுதித் தந்தார். அதே வாரம் முதல் பாட்டியார் ஃபஜ்ருக்குப் பின் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுக்கலானார். பதினைந்து நாட்களில் பையன் அடங்கிவிட்டானாம். மாத்திரையால் என்கிறார் தாய். துஆவின் பரக்கத் என்கிறார் பாட்டி. வகுப்பு ஆசிரியையோ, "எனக்கு வேறுபாடு தெரியவில்லையே!" என்கிறார்.

துஆவை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. மாத்திரையை அளக்க வழியுண்டு. பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தும், மறு பகுதியினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். எவருக்கு எது கிடைத்தது என்பதைப் பெற்றோரும் அறியார், மதிப்பிடுபவரும் அறியார். ஏன் இத்தனை மறைப்பு? இந்நோயில் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பெரும்பாலும் பெற்றோரும் ஆசிரியருமே பார்த்துச் சொல்கிறார்கள். எதிர்பார்க்கும் கண்ணோ, எதிர்பார்த்ததையே காணும் இயல்புடையது.

இதற்கோர் எடுத்துக்காட்டு, 1994இல் அமெரிக்காவில் ஹூவர், மிலிச் என்போர் வெளியிட்ட சீனி பற்றிய ஆய்வு. சீனி உண்டால் தம் மகன் ஆட்டம் போடுவான் என்று நம்பிய தாய்மார்களும், 5 முதல் 7 வயதுக்குட்பட்ட 35 சிறுவர்களும் அதில் கலந்துகொண்டனர். எந்தச் சிறுவனுக்கும் சீனி தரப்படவில்லை. ஆயினும், "உங்கள் மகனுக்குச் சீனி கொடுத்தோம்" என்று சொல்லப்பட்ட தாய்மார்கள் தம் பிள்ளையின் துடிப்பு மிகுந்ததாகக் கூறினர். அவனைக் கூடுதலாகக் குறை கூறும் போக்கும் அவர்களிடம் தென்பட்டது.

அப்படியானால் மருந்தே பொய்யா? இல்லை. மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்து பல ஆய்வுகளில் வெற்று மாத்திரையை விடச் சிறப்பாகப் பயனளித்துள்ளது. இந்நோய்க்கான மருந்துகளுக்கு நம்பிக்கையும் துணை நிற்கக்கூடும். 2010இல் சாண்ட்லர் குழுவினர் 99 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மருந்தைப் பாதியாகக் குறைத்து, "இதில் மருந்தில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரையும் சேர்த்துத் தந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நிலை தளரவில்லை. பாதி மருந்து மட்டும் பெற்றவர்களில் பெரும்பாலோர் பின்னடைந்தனர்.

இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அது மருத்துவர் முடிவு. உங்களால் ஆவது வேறுண்டு. மருந்து தொடங்குமுன்பே, வீட்டுப்பாடம் முடிய எத்தனை நிமிடம், எத்தனை முறை எழுந்தான் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தொடங்கிய பின்னும் குறியுங்கள். ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை கொடுத்தபின் பிள்ளையைக் கனிவோடு நோக்குகிறோம். சிறு நன்மையையும் கண்டு பாராட்டுகிறோம். அந்தக் கனிவுக்கு மருந்துச் சீட்டு வேண்டுமா? சிந்தியுங்கள்.