பனிக்காலத்துக்குப் பெயர் எழுதும் ஊர்

 

கனடா நாட்டின் டொராண்டோ மாநகருக்குச் சென்று திரும்புவோர் நயாகரா நீர்வீழ்ச்சியையும் வானளாவிய சி.என். கோபுரத்தையும் வருணிப்பது வழக்கம். அவற்றை நீங்கள் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பீர்கள். ஆகவே உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அம்மாநகரின் கிழக்கே உள்ள ஸ்கார்பரோ என்னும் பகுதி அது. கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்தைக் காணலாம். பேருந்தில் தமிழ்ப் பேச்சைக் கேட்கலாம். உங்கள் மகளோ, தம்பியோ, பேரப்பிள்ளைகளோ இன்று அங்கு வாழக்கூடும். இல்லையேல் நாளை குடியேறக்கூடும்.

அங்குக் குடியேறும் குடும்பத்தை முதலில் சோதிப்பது குளிர்காலம். டிசம்பர் மாதத்தில் காலை ஏழே முக்கால் மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டுகிறது; மாலை நாலே முக்காலுக்குள் மறைந்துவிடுகிறது. பிள்ளை பள்ளி விட்டு வீடு வந்து சேர்வதற்கும் மஃரிபு நேரம் நெருங்குவதற்கும் சரியாக இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து பாகைக்கு இறங்குவது அரிதன்று. நம் ஊரில் பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடி வளர்கிறார்கள். அங்கோ அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில், மூடிய சன்னலுக்குப் பின்னால், தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன்னால் நான்கு மாதங்கள் கழிகின்றன. பிள்ளையின் உடம்பு சோர்கிறது, உள்ளம் சுருங்குகிறது. அவர்களோடு அடைபட்டிருக்கும் தாயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இருட்டுக்கு அந்நகரம் ஒரு மருந்து வைத்திருக்கிறது. அதுதான் மாநகராட்சி நடத்தும் சமூகப் பொழுதுபோக்கு நிலையங்கள். நீச்சல், ஸ்கேட்டிங், கூடைப்பந்து, ஓவியம், சமையல் என்று பலவகைப் பயிற்சிகள் ஒவ்வொரு பருவத்துக்கும் அறிவிக்கப்படுகின்றன. குளிர்காலப் பயிற்சிகள் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை வாரம் ஒரு முறையாக நடைபெறும். ஆனால் இடங்கள் அளவானவை, கேட்போரோ ஏராளம். பெயர் பதிவு செய்தவர்களுக்கே இடம்.

ஸ்கார்பரோ ஒரு காலத்தில் தனி நகராட்சியாக இருந்தது. 1998-இல்தான் அது டொராண்டோவுடன் இணைக்கப்பட்டது. பழைய நகராட்சியின் நினைவாக இன்றும் நிற்கிறது ஸ்கார்பரோ குடிமை மையம் என்னும் வெள்ளைக் கட்டடம். அதை வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. சப்பானிய வழித்தோன்றலான இவர், இரண்டாம் உலகப் போரின்போது சிறுவனாகத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். அவரை அந்நியராகக் கருதிய அதே நாட்டில், மக்கள் அனைவரும் கூடும் இல்லத்தை அவரே கட்டினார். 1973-இல் எலிசபெத் அரசியார் அதைத் திறந்து வைத்தார். அதன் முற்றத்தில் குளிர்காலத்தில் பனித்தளம் அமைக்கப்படுகிறது. பல நாட்டுப் பிள்ளைகளும் அதில் சறுக்கி விளையாடுகிறார்கள்.

இனி, பெயர் பதியும் நாளைப் பற்றிக் கூறுகிறேன். குளிர்காலத்துக்கான பதிவு டிசம்பர் வாக்கில் நடைபெறும். பகுதிக்குப் பகுதி நாள் வேறுபடும். வழக்கமாகக் காலை 7 மணிக்குப் பதிவு தொடங்கும். நாலு வயதுப் பிள்ளைக்கான சனிக்கிழமை நீச்சல் வகுப்பு, நீங்கள் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் நிரம்பிவிடக்கூடும். ஆகவே சுபுஹு தொழுகைக்கு எழும் குடும்பத்துக்கு இது ஒரு வசதி என்றே சொல்ல வேண்டும்!

முன்னேற்பாடு மிகவும் தேவை. முதலில் மாநகராட்சியில் குடும்பத்துக்கென ஒரு கணக்குத் தொடங்கி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். இதைப் பதிவு நாளன்று காலையில் செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் இடம் கைநழுவும். வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. விருப்பமான வகுப்பின் எண்ணோடு, அது கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ள இரண்டு, மூன்று மாற்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கத் தயங்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறும் தாய்மார் 311 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம்.

‘கட்டணத்துக்கு எங்கே போவது?’ என்று புதிதாக வந்த குடும்பம் கவலைப்படுவது இயல்பு. சில நிலையங்களில் பயிற்சிகள் யாவருக்கும் இலவசம். மற்ற நிலையங்களுக்காக, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ‘வெல்கம் பாலிசி’ என்னும் கட்டண உதவித் திட்டம் உண்டு. இதற்கு முன்னதாகவே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இது பிச்சையன்று, அந்நகரில் வாழ்வோருக்கென்று ஏற்படுத்தப்பட்ட உரிமை. கூச்சத்தினால் இதைக் கேட்காமல் விடும் பெற்றோரின் பிள்ளைகள்தாம் சன்னலோரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

எந்தப் பயிற்சியில் சேர்ப்பது? முதலில் ஸ்கேட்டிங். குளிர்காலத்தில் பல பள்ளிகள் பிள்ளைகளைப் பனித்தளத்துக்கு அழைத்துச் செல்கின்றன. சறுக்கத் தெரியாத பிள்ளை அன்று விசுப்பலகையில் தனியே அமர்ந்திருக்கும். ‘நான் இவர்களைச் சேர்ந்தவன் அல்லன்’ என்ற எண்ணம் ஒரு பிஞ்சு மனத்தில் முளைப்பதற்கு அந்த ஒரு பகல் போதும். பயிற்சியின் முதற்பாடமே, அடிபடாமல் விழுவது எப்படி, விழுந்தபின் எழுவது எப்படி என்பதுதான். ஹாக்கி விளையாட்டுக்குரிய தரச்சான்று பெற்ற தலைக்கவசம் வாங்குங்கள். மிதிவண்டித் தலைக்கவசம் இதற்கு ஏற்றதன்று. பெண்பிள்ளைகள் தலைக்கவசத்தின் உள்ளே மெல்லிய, இறுக்கமான முக்காட்டை அணிந்துகொள்ளலாம். காலணிகளைப் பழையதாகவே வாங்குங்கள். வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு அவை பொருந்தா.

அடுத்தது நீச்சல். ஏரிகளும் ஆறுகளும் நிறைந்த நாடு அது. கோடையில் பள்ளித் தோழர்களோடு நீர்க்கரைக்குப் போகாத பிள்ளை அங்கே அரிது. நீச்சல் அறியாத பிள்ளைக்கு அது உயிராபத்து. எனவே இதை விளையாட்டு என்று எண்ணாமல் பாதுகாப்பு என்று எண்ணுங்கள். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் குறைந்தபட்சத் தகுதியாக மூன்று செயல்களை வகுத்திருக்கிறது: ஆழநீரில் உருண்டு விழுந்து மேலே வருதல், ஒரு நிமிடம் மிதந்து நிற்றல், 50 மீட்டர் நீந்துதல். இம்மூன்றும் கைவரும் வரையிலாவது பிள்ளையை நிறுத்தாதீர்கள். 2015-ஆம் ஆண்டுப் பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காக ஸ்கார்பரோவில் கட்டப்பட்ட நிலையத்தில் 50 மீட்டர் நீளமுள்ள குளங்கள் இரண்டு உள்ளன. பன்னாட்டு வீரர்கள் நீந்திய அதே நீரில் இன்று அவ்வூர்ப் பிள்ளைகளும் நீந்துகிறார்கள்.

‘பெண்பிள்ளையை எப்படிக் குளத்தில் இறக்குவது?’ என்று கேட்கும் உம்மாமார்களின் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு வழிகள் உண்டு. நீச்சலுக்கென்றே தைக்கப்பட்ட, உடலை முழுதும் மறைக்கும் ஆடை அங்குள்ள குளங்களில் ஏற்கப்படுகிறது. பெண்களுக்கென்று மட்டும் ஒதுக்கிய நேரமும் சில குளங்களில் உண்டு. நகரின் நடுப்பகுதியில், முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வாழும் ரீஜென்ட் பார்க்கில் 2012-இல் திறக்கப்பட்ட நீச்சல் நிலையத்தைப் பாருங்கள். அதன் சுவர்கள் கண்ணாடியாலானவை. எனினும் பெண்களின் நேரத்தில் திரைகளை இறக்கி மறைப்பதற்கு அங்கு வசதி செய்திருக்கிறார்கள். கேட்பவர் இருந்தால் கொடுப்பவரும் இருக்கிறார்கள் என்பதற்கு அத்திரைகளே சான்று.

வகுப்பின் நேரத்தைத் தேர்ந்தெடுக்கையில் நாட்காட்டியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ரமலான் மாதம் இப்போது குளிர்காலத்துக்குள் நகர்ந்து வருகிறது. 2026-இல் பிப்ரவரியின் நடுப்பகுதிக்குப் பின் தொடங்கும் நோன்பு, ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினோரு நாட்கள் முன்னேறி, 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இருமுறை வரும். பிப்ரவரி நடுவில் டொராண்டோவில் மஃரிபு மாலை ஐந்தே முக்கால் வாக்கில். அவ்வேளையில் வகுப்பு இருந்தால், நோன்பு திறக்கும் விரிப்பில் பிள்ளையின் இடம் வெறுமையாக இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள்; அதன் பின் கணக்கு மறுபடி மாறும். சனி, ஞாயிறு முற்பகல் வகுப்புகளைத் தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடிகள் குறையும்.

வாசக அன்பர்களே! வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, ‘சாப்பிட்டீர்களா? ஓதினீர்களா?’ என்று மறவாமல் கேட்கிறோம். டிசம்பர் பிறக்குமுன் இன்னொன்றையும் கேளுங்கள்: ‘பேரனுக்கும் பேத்திக்கும் பெயர் எழுதிவிட்டீர்களா?’ அங்குள்ள பக்கத்து வீட்டில் புதிதாக வந்த குடும்பம் இருந்தால், பதிவு நாளையும் 7 மணி என்பதையும் அவர்களுக்கும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். ஒரு வார்த்தைதான் செலவு. அதனால் ஒரு பிள்ளை நான்கு மாத இருட்டிலிருந்து வெளியே வருமானால், அந்தத் தாயின் துஆ உங்களையும் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.