ஓடுவதும் ஏறுவதும்

வேகம், திறன் என்னும் இரண்டு சொற்களையும் பேச்சு வழக்கில் நாம் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்கிவருகிறோம். 'பவரான வண்டி' என்று ஒருவர் சொன்னால், விரைந்தோடும் வண்டி என்றே கேட்பவர் பொருள்கொள்கிறார். ஆனால் இயற்பியலுக்குத் தமிழில் கலைச்சொல் கண்டவர்கள் விசை, ஆற்றல், திறன், வேகம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனை வகுத்துக் கொடுத்தார்கள். இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு அந்த மனைகளின் எல்லைக் கற்களைக் கண்ணால் காணும் வாய்ப்பு பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் கிடைத்தது.

தோப்பு என் தங்கையின் மாமனாருடையது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோன பின் அவரால் தோப்பைச் சுற்றி நடக்க இயலவில்லை. மலைவாசத் தலத்து விடுதி ஒன்று விருந்தினர் விளையாட்டுக்கென வைத்திருந்த மின்சார குவாட் பைக்கைப் பழைய விலைக்கு விற்றபோது, என் மைத்துனர் அதை வாங்கிவந்து தந்தையிடம் கொடுத்தார். நான்கு தடித்த சக்கரங்கள். 1000 வாட் மோட்டார். 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்த 36 வோல்ட் மின்னழுத்தம். பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் செயின். சமதரையில் மணிக்கு 24 கிலோமீட்டர் ஓடும். தோப்பின் குறுக்கே செல்லும் வாய்க்காலின் கரையில் மட்டும் அது ஏற மறுத்தது. பாதி ஏறி, முனகி, நின்றுவிடும். வாய்க்காலுக்கு அப்பால்தான் பெரியவர் தம் திருமணமான ஆண்டில் வைத்த தென்னைகள் இருக்கின்றன. அவற்றை அவர் பார்த்து ஈராண்டு ஆகியிருந்தது.

கல்லூரியில் முதலாண்டு பொறியியல் படிக்கும் தங்கை மகன் வண்டியை மாற்றியமைக்கப் போவதாக அறிவித்தான். "48 வோல்ட் போட்டா 32ல போகும் மாமா" என்றான். "அண்ணா, நீங்க சொன்னாத்தான் கேப்பான், வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் தங்கை. திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர், "எனக்கு ஓட வேண்டாங் கண்ணு, ஏறுனாப் போதும்" என்றார். ஒரே வண்டியின் முன் மூன்று விண்ணப்பங்கள். தாய்மாமன் என்னும் பதவியில் இருப்பவன் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்புச் சொல்லுமுன் வழக்கைப் படிக்க விரும்பினேன். மருமகன் தாளில் வரைந்து விளக்கினான். இவ்வகை மோட்டாரின் சுழற்சி வேகம் ஏறத்தாழ மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அது திருகும் முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது திறன். ஆகவே திறனைக் கூட்ட இரு வழிகள் உண்டு. மின்னோட்டத்தை மூன்றிலொரு பங்கு கூட்டலாம். ஆனால் கம்பிச்சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் அது 78 சதவீதம் கூடிவிடும். கன்ட்ரோலருக்குள் மின்னோட்டத்தை அளந்து காவல் காக்கும் சிறு உலோகத் துண்டின்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றி அந்தக் காவலை ஏமாற்றும் குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறதாம். மின்னோட்டம் கூடும், சில நாளில் கன்ட்ரோலர் கருகும். அளவு மீறினால் மயிலிறகுப் பாரமும் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்பதை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தவர் வள்ளுவர். கம்பிக்கும் செயினுக்கும் கன்ட்ரோலருக்கும் அந்த அதிகாரம் அப்படியே பொருந்துகிறது.

மற்றொரு வழி, மின்னோட்டத்தை இருந்தபடி விட்டு மின்னழுத்தத்தை 36இலிருந்து 48ஆக உயர்த்துவது. இதற்குக் கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். 48 வோல்ட் என்று பெயர் பெற்ற, 15 செல்கள் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, முழுதும் மின்னேற்றம் பெற்ற நிலையில் 54.75 வோல்ட்டில் நிற்கும். 36 வோல்ட்டுக்கென்று கட்டிய கன்ட்ரோலருக்கு அதைத் தாங்கும் உறுதி இராது. மாற்றிய பின் கூடுதலாகக் கிடைக்கும் திறனை எப்படிச் செலவழிப்பது என்பதைப் பின் அச்சின் பல்சக்கரம் முடிவுசெய்கிறது. இருந்த 54 பல் சக்கரத்தை அப்படியே விட்டால் அவ்வளவும் வேகமாகும்: 24 என்பது 32 ஆகும். 72 பல் சக்கரத்தை மாட்டினால் வேகம் பழைய 24இலேயே நிற்கும். இழுக்கும் விசை மூன்றிலொரு பங்கு கூடும். மருமகன் கேட்ட வண்டியும் பெரியவர் கேட்ட வண்டியும் ஒரே பேட்டரியிலிருந்து பிறக்கின்றன. இரண்டுக்கும் இடையே நிற்பது 18 பற்கள்.

வேகத்தை விரும்புவது பிள்ளைகளின் குற்றமன்று; மின்சார வண்டிக்கு அந்த ஆசை பழையது. சாலை வண்டி ஒன்று முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்தது 1899இல். அது பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனாட்சி பிரான்சில் ஓட்டிய மின்சார வண்டி. 'ஒருபோதும் நிறைவடையாதவள்' என்பது அதன் பெயரின் பொருள். ஆனால் குவாட் வகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதற்கு முந்தைய மூன்று சக்கர வண்டிகளில் கவிழ்ந்து மாண்டவர்கள், அவர்களுள் சிறுவர்கள், மிகுந்ததால், 1988இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி உற்பத்தியாளர்கள் அவற்றின் விற்பனையை அங்கே நிறுத்தினார்கள். நான்காம் சக்கரம் கவிழும் இயல்பைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை. வளைவில் வண்டியை வெளித்தள்ளும் போக்கு வேகத்தின் வர்க்கமாக வளர்கிறது. உயரமான இருக்கையும் குறுகிய அகலமும் அதற்குத் துணைபோகின்றன.

இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். "பிரேக்கை அளந்து பாக்கலாமா மாப்ளே?" என்று மட்டும் கேட்டேன்.

செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு கிழித்தோம். 24 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக்கை இறுக்கினான். ஐந்தாறு முறை செய்து பார்த்ததில் வண்டி ஏறத்தாழ 6 மீட்டரில் நின்றது. 32இல் என்னவாகும் என்பதை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நிற்கும் தொலைவும் வேகத்தின் வர்க்கம்தான். 6 மீட்டர் 10.7 மீட்டராகும். கண் கண்டதைக் கை செய்து முடிக்க ஒரு நொடி என்று கொண்டால், அந்த நொடியிலேயே 24இல் 6.7 மீட்டரும் 32இல் 8.9 மீட்டரும் ஓடியிருக்கும். கூட்டினால் 24இல் 42 அடி, 32இல் 64 அடி.

அத்தோப்பில் தென்னைக்குத் தென்னை 25 அடி. இப்போதைய வேகத்திலேயே வண்டி முதல் மரத்தைத் தாண்டி இரண்டாம் மரத்துக்கு முன்னால் நிற்கிறது. 32இல் இரண்டாம் மரத்தையும் தாண்டிவிடும். மருமகன் நாடாவை இழுத்துச் சென்று 64 அடியில் ஒரு குச்சி நட்டான். அன்று காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கோட்டுக்கும் குச்சிக்கும் நடுவே, இரண்டாம் தென்னையின் தூரில் மறைந்தாற்போல் இரண்டு பெண்கள் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் நாடாவைச் சுருட்டாமல் சிறிது நேரம் அங்கேயே நின்றான்.

72 பல் சக்கரத்தை அவனே வரவழைத்தான். ஆனால் முதற்செலவு பிரேக்குக்கானது. பழைய கம்பி பிரேக்கைக் கழற்றிவிட்டு ஹைட்ராலிக் டிஸ்க் பொருத்தினான். பிறகு புதிய கன்ட்ரோலர், தடித்த கம்பிகள், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ், செயினுக்குக் கூடுதல் கண்ணிகள். பழைய பேட்டரிகளின் எடையில் பாதியளவே இருந்த புதியதை அடித்தட்டில் தாழ வைத்தான். கூடிய இழுவிசைக்கும் ஓர் ஆபத்து உண்டு: ஏற்றத்தில் திடீரென்று முறுக்கினால் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்புறமாக மல்லாந்துவிடும். ஆதலால் ஆக்ஸிலரேட்டரைத் திருகினாலும் விசை மெதுவாகவே கூடும்படி கன்ட்ரோலரை அமைத்தான். தங்கையின் பொருட்டு ஒரு விதியும் உண்டாயிற்று: வண்டி தோப்பின் வேலியைத் தாண்டாது. நம் நாட்டில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின் வண்டிகளுக்கே பதிவிலிருந்து விலக்கு; இது அந்த வகுப்பில் சேராது.

இவ்வளவுக்கும் இடையில் பெரியவர் தம் பங்கைச் செய்தார். ஆள் விட்டு, கரையின் செங்குத்தான ஏற்றத்தை மண்வெட்டியால் சரித்து, இருமடங்கு நீளமான சாய்வாக்கினார். அதே உயரத்தை இருமடங்கு தொலைவில் ஏறும்போது இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழப் பாதியாகிறது. மின்சாரமே இல்லாத இந்த மேம்பாட்டைக் கண்டு மருமகன் சிரித்தான். "இதெ மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அப்பாரு" என்றான். "நீ கேக்கலியே" என்றார் அவர்.

கரையை வண்டி முனகாமல் ஏறியது. பெரியவர் அப்பால் ஒரு மணிநேரம் இருந்தார். திரும்பி வந்து, பதினோரு மரங்களுக்குக் கூன்வண்டுப் பாதிப்பு என்றும், உடனே மருந்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மருமகனின் 54 பல் சக்கரம் மோட்டார் அறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. துருப்பிடிக்காமலிருக்க அவன் மாதந்தோறும் எண்ணெய் தடவுகிறான். எதற்காக என்று நான் கேட்டதில்லை.